அறிதலும் இயலுதலும்: ‘கேன்’ என்னும் ஆங்கில வினை குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் வினைகளுள் ‘கேன்’ என்பதும் ஒன்று. பள்ளிக்கூடம் சென்றிராத முதியோரும்கூட மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இச்சொல்லை அறிவர். இதற்குத் தமிழில் நேர்ச்சொல் யாது எனக் கேட்டால், ‘முடியும்’ என்ற விடை தயக்கமின்றி வரும். மொழிபெயர்ப்புப் பயிற்சிகளைத் திருத்தும்போது இவ்விடையின் விளைவுகளை நாம் தொடர்ந்து கண்டு வருகிறோம். ‘நான் உள்ளே வர முடியுமா?’ என்று மாணவர் எழுதுகிறார். அவர் கேட்க விரும்பியதோ ‘வரலாமா?’ என்பது. ‘இங்கே வாகனத்தை நிறுத்த முடியாது’ என்று எழுதுகிறார். மூலம் சொல்வதோ ‘நிறுத்தக் கூடாது’ என்பது.

இவற்றை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. ‘கேன்’ என்பது வடிவால் ஒரு சொல்லே ஆயினும் பொருளால் பல சொற்களின் வேலையைச் செய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதன்மேல் அடுக்கடுக்காகப் பொருள்கள் படிந்துள்ளன. தமிழோ அப்பொருள்களை வெவ்வேறு வினைகளுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. எனவே, ‘கேன்’ எங்கிருந்து வந்தது, எவ்வழியாக இன்றைய நிலையை அடைந்தது என்பதை அறிவது சொற்பிறப்பு ஆர்வலர்க்கு மட்டுமன்றி, மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தகரக் குவளையையும் நெகிழிக் கலத்தையும் குறிக்கும் ‘கேன்’ என்னும் பெயர்ச்சொல் வேறு. நாம் இங்கே ஆராயும் துணைவினை வேறு. எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றுபட்டிருப்பினும் இவற்றிடையே பிறப்புத் தொடர்பு இல்லை.

1. சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் எச்ச வடிவம் ‘குன்னன்’ என்பதாகும். அதன் பொருள் ‘அறிதல்’. ஆற்றலோ அனுமதியோ அன்று; அறிவே அதன் முதற்பொருள். இன்றைய ஜெர்மன் மொழியில் ‘கென்னென்’ என்றால் அறிதல், ‘கோன்னென்’ என்றால் இயலுதல். இரண்டும் ஒரே வேரின் கிளைகள். கலை எனப் பொருள்படும் ‘குன்ஸ்ட்’ என்னும் ஜெர்மன் சொல்லும் ‘கோன்னென்’ என்பதிலிருந்தே பிறந்தது. அறிந்தவனால் செய்ய இயல்வதே கலை என்னும் எண்ணம் அச்சொல்லில் உறைந்துள்ளது.

இவ்வேரை இன்னும் பின்னோக்கித் தேடினால் நமக்கு நன்கு அறிமுகமான ஓரிடத்தை அடைகிறோம். இந்தோ ஐரோப்பிய மொழிகளில் அறிதலைக் குறிக்கும் வேர் இலத்தீனில் ‘க்னோஸ்கெரெ’ எனவும், கிரேக்கத்தில் ‘கிக்னோஸ்கோ’ எனவும், சமற்கிருதத்தில் ‘ஜ்ஞா’ எனவும் வழங்குகிறது. தமிழில் நாம் எடுத்தாளும் ஞானம், விஞ்ஞானம், பிரக்ஞை ஆகியன இந்த ‘ஜ்ஞா’ என்னும் வேரினின்று வந்தவை. ஆங்கிலத்தில் அறிதலைக் குறிக்கும் ‘நோ’ என்னும் வினையும் இதே வேரினதே. அதன் தொடக்கத்தில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாமல் நிற்கும் எழுத்து, ஒரு காலத்தில் ககர ஒலியாக ஒலிக்கப்பட்டது.

சமற்கிருதத்தில் ஜகரமாகவும் இலத்தீனில் ககரத்தின் மெல்லொலியாகவும் நிற்கும் ஒலி, ஆங்கிலத்தில் வல்லொலிக் ககரமாக நிற்பது தற்செயல் அன்று. யாக்கோபு கிரிம் 1822இல் விரிவாக எடுத்துக்காட்டிய ஒலிமாற்ற விதியின்படி நிகழ்ந்தது அது. இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு முழங்கால். சமற்கிருதத்தில் ‘ஜானு’, இலத்தீனில் ‘கெனு’, ஆங்கிலத்தில், முன்னர்க் ககரத்துடன் ஒலிக்கப்பட்டு இன்று ‘நீ’ என ஒலிக்கும் சொல். முழங்காலைத் தொடும் கைகளை உடையவனை ‘ஆஜானுபாகு’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஜானு’ நம் வாயிலும் வந்துபோகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஞானம்’ என்பது தமிழில் கடன்சொல். ஆங்கிலச் சொல்லோடு அதற்குள்ள உறவு சமற்கிருதத்தின் வழியே வருவது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பிறப்புறவு உண்டு என்பதற்கு அது சான்றாகாது. திராவிட மொழிகள் தனிக் குடும்பத்தின என்பதை எல்லிஸ் 1816இலும், கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலும் நிறுவியுள்ளனர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பிக்கும் போக்கு நம்மிடையே இன்றும் உண்டு ஆதலின் இதனைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

2. உறவுச் சொற்கள் சொல்லும் கதை

ஒரு சொல்லின் பழம்பொருள் அச்சொல்லிலேயே மறைந்துபோனாலும் அதன் உறவுச் சொற்களில் தங்கியிருப்பதுண்டு. ‘கேன்’ என்பதன் உறவினருள் மூவரை மட்டும் காண்போம்.

முதலாவது, இசுக்காட்லாந்து வழக்கில் இன்றும் வாழும் ‘கென்’ என்னும் வினை. அறிதல் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, ‘கன்னிங்’ என்னும் சொல். இன்று இது தந்திரத்தையும் வஞ்சகத்தையும் குறிக்கும். முன்னர் அது அறிவையும் கைத்திறனையும் குறித்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்தில் வலக்கையின் திறனைக் குறிக்க இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. அங்கே வஞ்சகம் என்னும் சாயல் சிறிதும் இல்லை. அறிவைக் குறித்த சொல் சூதினைக் குறிப்பதாக இழிந்தது தமிழர்க்கு வியப்பளிக்காது. ‘சூழ்ச்சி’ என்பது திருக்குறளில் ஆராய்ச்சியையும் கலந்தெண்ணலையும் குறிக்க, இன்று சதியைக் குறிப்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது, பண்பற்றதைக் குறிக்கும் ‘அன்கூத்’ என்னும் சொல். அதன் முற்பகுதி எதிர்மறை. பிற்பகுதி ‘குன்னன்’ என்பதன் இறந்தகால எச்சம். ‘அறியப்படாதது’ என்பதே நேர்ப்பொருள். அறியப்படாதது அயலானது ஆயிற்று. அயலானது அநாகரிகமானது ஆயிற்று. இதே எதிர்மறையும் இதே வேரும் சமற்கிருதத்தில் ‘அஜ்ஞாத’ என அமைகின்றன. பாண்டவர்கள் விராட நாட்டில் யாரும் அறியாதவாறு வாழ்ந்த ஆண்டினை ‘அஞ்ஞாதவாசம்’ என்கிறோம் அல்லவா? அந்த ‘அஞ்ஞாத’ என்பதும் ஆங்கில ‘அன்கூத்’ என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒத்த சொற்கள். ஒன்று இதிகாசத்தில் மதிப்போடு நிற்க, மற்றொன்று வசைச்சொல்லாகிவிட்டது.

3. இறந்தகால வடிவும் நிகழ்காலப் பொருளும்

ஆங்கிலம் கற்கும் எவருக்கும் எழும் ஐயம் ஒன்றுண்டு. படர்க்கை ஒருமையில் மற்ற வினைகள் சகர ஒலியை ஈற்றில் ஏற்க, ‘கேன்’ மட்டும் ஏன் ஏற்பதில்லை? விதிவிலக்கு என்று சொல்லிப் பாடநூல்கள் நகர்ந்துவிடுகின்றன. உண்மையில் இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

‘கேன்’ என்பது வடிவத்தால் முற்றிய இறந்தகால வினை. ‘அறிந்துகொண்டேன்’ என்னும் வடிவம், ‘ஆகவே இப்போது அறிவேன்’ என்னும் நிகழ்காலப் பொருளைப் பெற்றது. நிகழ்கால ஈறு அதற்கு என்றுமே இருந்ததில்லை. எனவே இன்றும் இல்லை. ‘மே’, ‘ஷால்’, ‘மஸ்ட்’ ஆகியனவும் இவ்வகையினவே. பழைய வடிவம் நிகழ்காலத்துக்கு இடம்பெயர்ந்தபின், இறந்தகாலத்துக்குப் புதியதொரு வடிவம் தேவைப்பட்டது. அதுவே பழைய ஆங்கிலத்தின் ‘கூதெ’, இன்றைய ‘குட்’. இவ்விறந்தகால வடிவத்தின் எழுத்துக்கூட்டில் ஒலிக்கப்படாத லகரம் ஒன்று உண்டு. ‘வுட்’, ‘ஷுட்’ ஆகியவற்றில் லகரம் பிறப்பிலேயே இருந்தது. ‘குட்’ என்பதில் இல்லை. அவற்றைப் பார்த்து எழுதுவோர் பிற்காலத்தில் இதிலும் சேர்த்துவிட்டனர்.

இதற்கு இணையானதொரு நிலை தமிழிலும் இருப்பது சிந்திக்கத்தக்கது. தெரியும், முடியும், இயலும், கூடும் ஆகியன வடிவத்தால் எதிர்கால வினைகள். ஆயினும் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்பவர் நாளைய அறிவைப் பற்றிப் பேசவில்லை. இப்போதைய நிலையையே சொல்கிறார். ஆங்கிலம் இறந்தகால வடிவத்தை எடுத்து நிகழ்காலத்துக்கு ஆக்கியது. தமிழ் எதிர்கால வடிவத்தை எடுத்து அதே பணிக்கு ஆக்கியது. அறிவும் ஆற்றலும் ஒரு பொழுதில் நடந்து முடியும் செயல்கள் அல்ல, நீடித்து நிற்கும் நிலைகள் என்பதனால், இருமொழிகளும் அவற்றுக்கு இயல்பான நிகழ்கால வடிவத்தை விட்டு விலகின என்று கருத இடமுண்டு.

4. அறிவு ஆற்றலான வழி

அறிதலைக் குறித்த வினை இயலுதலைக் குறிக்கத் தொடங்கியது எவ்வாறு? இதற்கு அழகியதொரு சான்று கேட்மன் வரலாற்றில் கிடைக்கிறது. கேட்மன் ஒரு மாட்டுக்காரர். விருந்துகளில் ஒவ்வொருவராகப் பாடும் முறை வரும்போது, தமக்குப் பாட்டு வாராது என்பதால் எழுந்து சென்றுவிடுவார். ஓரிரவு கனவில் ஒருவர் தோன்றிப் பாடுமாறு பணிக்கிறார். தமக்குப் பாடத் தெரியாது என்று கேட்மன் விடையளிக்கிறார். பீட் என்னும் துறவி 731இல் இலத்தீனில் நிறைவு செய்த திருச்சபை வரலாற்றில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. அதன் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் கேட்மன் தம் விடையில் ஆளும் வினை ‘குன்னன்’ என்பதன் வடிவமே.

அவர் கூற்றை ‘பாடத் தெரியாது’ என்று கொள்வதா, ‘பாட இயலாது’ என்று கொள்வதா? இரண்டுமே பொருந்தும். பாடல் அறியாதவன் பாட இயலாதவனே. கற்றுச் செய்யும் செயல்கள் அனைத்திலும் அறிவும் ஆற்றலும் ஒன்றாகவே நிற்கும். இத்தகைய இடங்களில்தான் சொல்லின் பொருள் நழுவி அடுத்த நிலைக்குச் சென்றது. பின்னர், கல்வி தேவைப்படாத செயல்களுக்கும் அச்சொல் பரவியது. கல்லைத் தூக்குவதற்குக் கல்வி வேண்டா. ஆயினும் அதற்கும் ‘கேன்’ என்றே சொல்லலாயினர். அந்நிலையில் அறிவென்னும் பழம்பொருள் உதிர்ந்து ஆற்றல் மட்டும் எஞ்சியது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய கேன்டர்பரி கதைகளில் இவ்வினை, கலையை அறிந்திருத்தல் என்னும் பழம்பொருளில் பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாக ஏற்று வருவதைக் காணலாம். ஜெர்மன் மொழியிலோ, ஒரு மொழியை அறிவேன் என்பதற்கு இன்றும் ‘கோன்னென்’ என்னும் வினையே தனித்து நின்று பொருள் தருகிறது.

ஆற்றலிலிருந்து அடுத்த படி வாய்ப்பு. ஒருவரால் இயலும் என்பது, ஒன்று நிகழ இடமுண்டு என்பதாக விரிந்தது. அதிலிருந்து அடுத்த படி அனுமதி. தடையேதும் இல்லை என்பது, செய்யலாம் என்பதாயிற்று. அனுமதிப் பொருளுக்குரிய ‘மே’ என்னும் வினையும் தொடக்கத்தில் ஆற்றலையே குறித்தது. வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்னும் பெயர்ச்சொல் அதன் உறவே. ஆற்றலின் இடத்தைக் ‘கேன்’ பிடித்துக்கொள்ள, ‘மே’ அனுமதிக்கும் ஐயத்துக்கும் நகர்ந்தது. பின்னர் அனுமதியின் இடத்திலும் ‘கேன்’ நுழைந்தது. அனுமதி கேட்கும்போது ‘மே’ என்றே சொல்ல வேண்டும் என ஆசிரியர்கள் மாணவரைத் திருத்தும் வழக்கம் இப்போட்டியின் எச்சமாகும்.

‘ஜ்ஞா’ என்னும் வேரும் வேறொரு வழியில் அனுமதியையே சென்றடைந்தது. கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ்களின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகக் காணப்படும் ‘அனுக்ஞை’ என்னும் சொல்லை வாசகர்கள் கண்டிருப்பர். இறைவனிடம் இசைவு பெறுவதைக் குறிக்கும் அச்சொல்லின் உள்ளே இருப்பதும் இவ்வேரே.

5. தமிழ் காட்டும் பகுப்பு

ஆங்கிலத்தில் ஒரே வினை சுமக்கும் இப்பொருள்களைத் தமிழ் எவ்வாறு பகுத்துள்ளது என்பதை நீந்துதலைக் கொண்டு காண்போம்.

அவனுக்கு நீந்தத் தெரியும்.
அவனால் நீந்த முடியும்.
அவன் நீந்தலாம்.

முதலாவது கற்ற அறிவு. இரண்டாவது உடலாற்றலும் சூழலும் சார்ந்த இயல்பு. மூன்றாவது இசைவு. கை முறிந்தவனுக்கு நீந்தத் தெரியும். ஆனால் அவனால் நீந்த முடியாது. கை குணமான பின் அவனால் முடியும். ஆனால் மருத்துவர் சொல்லும்வரை அவன் நீந்தக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘கேன்’ என்பதே போதுமானது.

இவ்வினைகளைக் காட்டிலும் நுட்பமானவை இவற்றோடு வரும் வேற்றுமைகள். ‘அவனுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை, அறிவு அவனிடத்து வந்து சேர்வதைக் காட்டுகிறது. ‘அவனால்’ என்னும் மூன்றாம் வேற்றுமை, அவன் ஒரு கருவியாக நின்று செயல் நிறைவேறுவதைக் காட்டுகிறது. ‘முடி’ என்னும் வினையின் அடிப்பொருள் நிறைவுறுதல் என்பதை நினைவில் கொண்டால் இது விளங்கும். ‘அவன்’ என்னும் எழுவாய் வேற்றுமையோ, நீந்தல் அவனுக்கு ஆகும் என்னும் இசைவைக் காட்டுகிறது. ‘நீந்தலாம்’ என்பது நீந்தல் ஆம் என்பதன் புணர்ச்சியே அல்லவா?

இதனால் தமிழ் தெளிவானது, ஆங்கிலம் குழப்பமானது என்று முடிவுகட்டிவிடுதல் பொருந்தாது. தமிழிலும் இத்தகைய மயக்கங்கள் உண்டு. ‘போகலாம்’ என்பது இசைவாகவும், வாய்ப்பாகவும், ‘வாருங்கள், போவோம்’ என்னும் அழைப்பாகவும் வரும். ‘கூடும்’ என்பது வாய்ப்பைக் குறிக்க, அதன் எதிர்மறையான ‘கூடாது’ வாய்ப்பின்மையைக் குறிக்காமல் தடையைக் குறிக்கும். ‘மாட்டாதவன்’ என்றால் இயலாதவன். ஆனால் ‘மாட்டேன்’ என்றால் இன்று மறுப்பு. ஒரு காலத்தில் இயலாமையைச் சொன்ன வினை, விருப்பமின்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. இலங்கைத் தமிழரிடையே ‘இயலாது’ என்பது ‘ஏலாது’ எனத் திரிந்து அன்றாட வழக்கில் நிற்கிறது. ஒவ்வொரு மொழியும் தன் கோடுகளைத் தானே வரைந்துகொள்கிறது; அக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை என்பதே நாம் கருத வேண்டியது.

6. நம் சூழலில் ‘கேன்’

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பேச்சு ஆங்கிலத்தில் ‘கேன்’ துணைவினையாக நில்லாமல் தனித்து நின்று முழு விடையாகிறது. ‘கேன்?’ என்று ஒருவர் கேட்க, ‘கேன்’ என்றோ ‘கேன் லா’ என்றோ மற்றவர் விடையிறுப்பதை அங்காடிகளில் நாள்தோறும் கேட்கிறோம். எழுவாயும் இல்லை, முதன்மை வினையும் இல்லை. இதனைச் சிதைந்த ஆங்கிலம் என்று பலர் தள்ளுவர். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கப்பட்டதும் இத்தகைய வழக்குகளைக் கருத்தில் கொண்டே.

முறையான எழுத்துக்கு இவ்வழக்கு ஏற்றதன்று என்பதில் ஐயமில்லை. எனினும் இது ஒழுங்கற்றதும் அன்று. மலாய் மொழியில் ‘போலே’ என்னும் சொல் ஆற்றலையும் இசைவையும் ஒருங்கே குறித்து, தனித்து நின்று விடையாகிறது. மாண்டரின் மொழியிலும் இசைவைக் குறிக்கும் ‘கெ இ’ என்பது அவ்வாறே விடையாக வருகிறது. தமிழிலும் ‘முடியுமா?’ என்றால் ‘முடியும்’ என்பதே விடை. ஆக, இம்மண்ணில் ஒன்றோடொன்று உரசி வாழும் மொழிகள் யாவும் வினையைத் தனியே திருப்பிச் சொல்லி விடையளிப்பவை. அவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலத்தை எடுத்தாண்டபோது, அப்பொது வழக்கமே ஆங்கிலச் சொல்லின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது.

7. மொழிபெயர்ப்பில் நேரும் இடர்

இதுவரை கண்டவை சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவன அல்ல. நீதிமன்றத்தில் தமிழ்ச் சாட்சி ஒருவர், ‘அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை’ என்று கூறுவதாகக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் இதனைக் ‘கேன்’ என்பதன் எதிர்மறையால் பெயர்த்தால், கேட்போர் அதனை இயலாமையாகவோ, சொல்ல இசையாமையாகவோ கொள்ளக்கூடும். சாட்சி சொன்னதோ அறியாமை. மறுதலையாக, ‘சொல்ல முடியாது’ என்று சாட்சி அழுத்தமாகக் கூறினால், அது இயலாமையன்று, மறுப்பு. அறியாமை, இயலாமை, மறுப்பு ஆகிய மூன்றும் வழக்கின் போக்கில் வெவ்வேறு எடை உடையவை. அவற்றை ஒரே ஆங்கிலச் சொல்லில் கரைத்துவிடுவது சாட்சிக்குச் செய்யும் அநீதியாகும்.

மருத்துவமனையிலும் இவ்வாறே. அறுவைக்குப் பின் நோயாளி நடப்பது பற்றி மருத்துவர் ‘கேன்’ என்னும் வினையால் ஒன்றைச் சொல்கிறார். அது ‘நடக்க முடியும்’ என்னும் கணிப்பா, ‘நடக்கலாம்’ என்னும் இசைவா? கணிப்பை இசைவாகப் பெயர்த்துச் சொன்னால், துணையின்றி எழுந்து நடக்க முற்படும் முதியவர் கீழே விழ நேரலாம். இத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேடுவதற்கு முன், பேசுபவரிடம் எப்பொருளில் சொன்னார் என்று கேட்டறிதல் வேண்டும். அது அவருடைய திறமைக் குறைவன்று, கடமை.

வகுப்பறையில் நாம் கையாளக்கூடிய எளிய வழி ஒன்றுண்டு. ‘கேன்’ வரும் ஒவ்வொரு தொடரிலும், எழுவாயை ‘அவனுக்கு’ என்பதா, ‘அவனால்’ என்பதா, ‘அவன்’ என்பதா என மாணவரை முதலில் முடிவு செய்யச் சொல்ல வேண்டும். எழுவாயின் வேற்றுமை முடிவானால் வினை தானே வந்து அமையும். ‘மழை பெய்யக்கூடும்’ என்பது போன்ற வாய்ப்புப் பொருள் வரும் தொடர்களை மட்டும் தனியே கற்பித்தால் போதும்.

முடிவுரை

அறிவைக் குறித்துப் பிறந்த ‘கேன்’, ஆற்றலுக்கும் வாய்ப்புக்கும் அனுமதிக்கும் விரிந்து, நம் நாடுகளில் தனித்து நிற்கும் விடையாகவும் வளர்ந்துள்ளது. அதன் பழம்பொருள் ஆங்கிலத்தில் மறைந்துவிட்டது. ஆனால் அதனைத் தமிழில் பெயர்க்க முற்படும்போது மீண்டும் உயிர்பெறுகிறது. ஏனெனில் ‘தெரியும்’ என்பதா, ‘முடியும்’ என்பதா என்று தமிழ் நம்மைக் கேட்கிறது. அகராதி தரும் முதற்சொல்லை எழுதிவிட்டு நகராமல் அக்கேள்விக்கு விடை காண நம் மாணவர்களைப் பழக்குவோமாயின், அவர்கள் இருமொழிகளையும் கூர்ந்து நோக்கக் கற்பர். நாளை அவர்களுள் சிலர் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் பிறருடைய சொற்களைச் சுமந்து நிற்கப் போகிறவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.